மழலைக்கு வாய்ப்பூட்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தருமபுரியில், பெங்களூர் – சேலம் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு சைவ ஹோட்டல். ஞாயிறு காலை என்றால் அங்கே லேசில் இடம் கிடைக்காது. பாதிப் பேர் பெங்களூரிலிருந்து ஒகேனக்கல்லுக்குக் கிளம்பி வந்தவர்கள். மீதிப் பேர் அதே பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறுக்கு அரூரிலோ பாலக்கோட்டிலோ இருக்கும் அப்பா அம்மாவைப் பார்க்க வந்தவர்கள்.

எனக்கு எதிர் டேபிளில் ஓர் இளம் தம்பதி. ரெண்டு வயசு இருக்கும் ஒரு பையன், குழந்தை நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சர்வர் வந்து தண்ணீர் வைத்ததும் அந்த அம்மா ஒரு காரியம் செய்தார். எவர்சில்வர் டம்ளரைப் பையன் பக்கம் நகர்த்தி, அதில் போனைச் சாய்த்து நிறுத்தினார். பழகிய கை. ஒரே முயற்சியில் நின்றது. பாட்டு ஆரம்பித்தது. பையனின் வாய் திறந்தது. உள்ளே ஒரு துண்டு தோசை போனது.

அடுத்த இருபது நிமிடம் என் பொங்கல் ஆறியதுகூடத் தெரியாமல் அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தோசையைப் பார்க்கவே இல்லை. சட்னி பச்சையா வெள்ளையா, ஊட்டுவது அம்மாவா அப்பாவா... எதுவும் அவனுக்குத் தெரியாது. நடுவில் ஒரே ஒரு தடவை விளம்பரம் குறுக்கிட்டது. அப்போது தலையைத் தூக்கி, மேலே சுற்றிய ஃபேனை நோக்கிக் கையை நீட்டி, ‘ஆ... ப்பா... தா!’ என்றான். முகமெல்லாம் சந்தோஷம். அப்பா நிமிரவில்லை. அவர் கையில் இன்னொரு போன். ‘ஸ்கிப் பண்ணும்மா’ என்றார் மனைவியிடம். பண்ணினார். பையன் மறுபடி உள்ளே போய்விட்டான்.

அந்த ‘ஆ... ப்பா... தா’வைப் பற்றித்தான் உங்களிடம் பேசப் போகிறேன்.

தருமபுரிக்குப் பழைய பெயர் தகடூர். ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. சேலம் ரோட்டில் அதியமான்கோட்டை என்று ஊரே இருக்கிறது. அவனிடம் அவ்வையார் நெல்லிக்கனி வாங்கிய கதை ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக்கும் தெரியும். அதே அவ்வையார் அதே அதியமானைப் பார்த்துப் பாடிய இன்னொரு பாட்டு புறநானூற்றில் 92-ஆவதாக இருக்கிறது. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. விஷயம் இதுதான்: குழந்தை உளறுவது யாழிசையோடு சேராது, காலக் கணக்குக்கும் ஒத்து வராது, அர்த்தமும் பிடிபடாது. ஆனாலும் அதைக் கேட்கிற தகப்பனுக்கு உள்ளுக்குள் அருள் சுரக்கிறது. என் பாட்டும் அப்படித்தான், நீ கேட்பதால்தான் அதற்கு மதிப்பு என்று அரசனிடம் சொல்கிறார் கிழவி.

யாருக்குச் சுரக்கிறது என்று பாருங்கள். அம்மாவுக்கு என்று சொல்லவில்லை. தகப்பனுக்கு! ஏறக்குறைய ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால், இதே தகடூர் மன்னனிடம், ஒரு பெண் போகிற போக்கில் சொன்னது. இன்று அதே ஊரில் ஒரு தகப்பன் தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது என்று மகன் சொன்ன சேதியை ‘ஸ்கிப்’ பண்ணச் சொல்கிறார்.

இருங்கள். அந்தத் தகப்பனைத் திட்ட எனக்கு யோக்கியதை உண்டா? கிடையாது. 2014-ல் என் மகளுக்கு ரெண்டு வயசு. பத்து மாத இ.எம்.ஐ.யில் ஒரு டேப்லெட் வாங்கினேன். நான் பி.காம். எதையும் கணக்குப் போட்டுத்தான் செய்வேன். தினமும் ராத்திரி ரெண்டு மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும், நான் கட்டுரை எழுதலாம், மனைவி சமையலை முடிக்கலாம், மகள் ஏ ஃபார் ஆப்பிள் படிப்பாள். முதலீடு சின்னது, வருமானம் பெரிது. இதைவிட லாபகரமான வியாபாரம் உண்டா?

ஒருநாள் கரண்ட் போனது. டேப்லெட்டிலும் சார்ஜ் இல்லை. மகள் கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் சுவரைப் பார்த்து ‘டிச்சு! டிச்சு!’ என்று குதித்தாள். எனக்குப் புரியவில்லை. என்னவோ கேட்கிறாள் என்று தண்ணீர் கொடுத்தேன், பிஸ்கட் கொடுத்தேன். தட்டிவிட்டாள். மாமியார் உள்ளேயிருந்து, ‘பல்லிங்க மாப்ள... பல்லிய அப்பிடித்தான் சொல்லுவா’ என்றார். மறுநாள் விசாரித்தால், டிச்சு என்றால் பல்லி என்பது பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. கேபிள் டி.வி. பணம் வாங்க வருகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

இரட்டைப் பதிவு முறையில் வரவு எழுதினால் எதிரே பற்று எழுதியே தீர வேண்டும். நான் வரவை மட்டும் எழுதி, கணக்கை மூடி வைத்திருந்தேன். அதற்கப்புறம் டேப்லெட்டை என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். ஒரேயடியாகத் தூக்கி எறிந்த உத்தமன் இல்லை நான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தப் பேச்சை எடுத்தாலே இளம் பெற்றோர் கைவசம் நாலைந்து பதில் தயாராக இருக்கும். நானே சொல்லிய பதில்கள்தான் என்பதால் வரிசை எனக்கு அத்துப்படி.

முதல் பதில்: ‘அழுவுறான் சார். குடுத்தாத்தான் நிறுத்துறான்.’

குழந்தை அழுவதும், அதை எதையாவது கொடுத்து நிறுத்துவதும் போன் வந்த பிறகு வந்த வழக்கம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘காட்ஃப்ரேஸ் கார்டியல்’ என்று ஒரு மருந்து கடைகளில் சக்கைப்போடு போட்டது. அபினும் சர்க்கரைப் பாகும் கலந்த சரக்கு. ஆலை வேலைக்குப் போகிற அம்மாக்கள் கைக்குழந்தைக்கு ஒரு கரண்டி கொடுத்துவிட்டுப் போவார்கள். நம் பம்பாயில், பஞ்சாலைக்குப் போன அம்மாக்கள் ‘பால கோலி’ என்ற அபின் உருண்டையைக் குழந்தைக்குக் கொடுத்துத் தூங்க வைத்தார்கள். 1851-ல் நாட்டிங்ஹாம் நகரில் வில்லியம் உட்வர்ட் என்பவர் உருவாக்கிய கிரைப் வாட்டரின் பழைய செய்முறையில் ஆல்கஹால் உண்டு. நம்மூரிலும் கசகசாவை அரைத்து ஊற்றிய பாட்டிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

போனும் அபினும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அபின் கொடுத்த குழந்தைகள் செத்துப்போனதுண்டு. நான் சொல்வது கொடுக்கிற கையைப் பற்றி. எல்லாக் காலத்திலும் அந்த மருந்து தேவைப்பட்டது பெரியவர்களுக்கு. குடித்தது குழந்தை. பம்பாய் மில்லில் நாள் முழுக்க நின்ற பெண்ணுக்கு வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஏ.சி. ஹாலில், ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து நெய் ரோஸ்ட்டுக்குக் காத்திருக்கிற நமக்கு என்ன நெருக்கடி?

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். போனைக் கொடுத்ததும் அழுகை நிற்கிறது. பிடுங்கியதும் முன்னைவிடப் பெரிதாகத் தொடங்குகிறது. அப்படியென்றால் அழுகைக்கு மருந்து கொடுத்தோமா, அடுத்த அழுகைக்கு விதை போட்டோமா?

ரெண்டாவது பதில்தான் பெரிய பதில். ‘எஜுகேஷனல் வீடியோ சார். ரெண்டு வயசுலயே இங்கிலீஷ்ல கலர் பேரெல்லாம் சொல்றா!’

இதைச் சொல்லும்போது பெற்றோர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஏதோ ஐ.ஏ.எஸ். ரிசல்ட் வந்த மாதிரி. வீட்டுக்குப் போனால் குழந்தையை வரவழைத்து நிறுத்துவார்கள். ‘அங்கிளுக்கு பர்ப்பிள் சொல்லு கண்ணு.’ அது ‘பர்ப்பிள்’ என்கும், அமெரிக்க உச்சரிப்பில். கத்தரிக்காயைக் காட்டி இது என்ன நிறம் என்று கேட்டால் தெரியாது. கத்தரிக்காயே தெரியாது. ‘தண்ணி வேணும்’ என்று முழுசாகக் கேட்க வராத வாயில் பர்ப்பிள்! இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

2003-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி. அமெரிக்காவில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பேட்ரீஷியா கூல் குழுவினர் செய்தது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள். வீட்டில் இங்கிலீஷ் மட்டும்தான். இவர்களில் ஒரு பிரிவுக்குச் சீனமொழி பேசுகிற ஆள் நேரில் வந்து, தரையில் உட்கார்ந்து, பொம்மை காட்டி, புத்தகம் படித்துக் காட்டினார். மொத்தம் 12 தடவை. அவ்வளவுதான். அந்தக் குழந்தைகள் சீனமொழியின் நுட்பமான ஒலி வேறுபாட்டைப் பிரித்து அறியக் கற்றுக்கொண்டன. தைவானில் சீனமொழிக்கு நடுவே வளரும் குழந்தைகள் அளவுக்கு! இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்கள், அதே பொம்மை, அதே புத்தகம், அதே 12 தடவை. ஆனால் திரையில். கற்றுக்கொண்டது? ஒன்றுமில்லை. சீனமொழியே கேட்காத குழந்தைகளும் இவர்களும் ஒன்றாக நின்றார்கள்.

காரணம் புரிந்துகொள்ள பேராசிரியர் வேண்டாம். நேரில் இருக்கிற ஆள் குழந்தையின் கண் எங்கே போகிறதோ அங்கே தானும் பார்க்கிறார். குழந்தை ‘ஊ’ என்றால் அவரும் ‘ஊ’ என்கிறார். தூங்கி வழிந்தால் நிறுத்துகிறார். வீடியோவில் இருக்கிறவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கிறார். குழந்தை ஃபேனைக் காட்டினால் அவருக்குத் தெரியாது. பேச்சு என்பது பந்து விளையாட்டு மாதிரி. எதிரில் பிடிக்க ஆள் இருந்தால்தான் குழந்தை மறுபடி வீசும்.

குழந்தை வீடியோ வியாபாரத்தில் இன்னொரு கதையும் உண்டு. அமெரிக்காவில் ‘பேபி ஐன்ஸ்டீன்’ என்ற பெயரில் கைக்குழந்தைகளுக்கான வீடியோக்கள் பிய்த்துக்கொண்டு விற்றன. பெயரைப் பாருங்கள்! பார்த்தால் ஐன்ஸ்டீன் ஆகிவிடும் போல. அறிவு வளரும் என்று விளம்பரம் செய்யலாமா என்று குழந்தைகள் நல அமைப்பு ஒன்று 2006-ல் புகார் கொடுத்தது. இழுபறிக்குப் பிறகு 2009-ல், விற்ற டி.வி.டி.க்களைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ் என்று அதன் உரிமையாளரான டிஸ்னி நிறுவனம் அறிவித்தது.

நம்மூர் நிறுவனங்களும் சளைத்தவை அல்ல. உலகம் முழுக்கக் குழந்தைகள் பார்க்கிற ‘சூச்சூ டி.வி.’ 2013-ல் தொடங்கப்பட்டது நம் சென்னையில்தான். அவர்களை நான் திட்டப் போவதில்லை. கடை போட்டவன் கடையைத் திறந்துதான் வைத்திருப்பான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் கடை வாசலில் உட்கார வைத்துவிட்டு வந்தது யார்? ஆனால் ஒன்று... 2013-ல் அமெரிக்காவில் ஐபேடைப் பொருத்தி வைக்கிற கைக்குழந்தைச் சாய்வு நாற்காலி விற்பனைக்கு வந்தது. அதே வருஷம் ஐபேடு மாட்டுகிற ‘ஆய் போகிற’ நாற்காலியும் வந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன். அதைத் தயாரித்தவர்களை மட்டும் மன்னிக்க மனசு வரவில்லை.

மூன்றாவது பதில்: ‘நாமெல்லாம் டி.வி. பாத்துத்தானே வளந்தோம்? கெட்டா போயிட்டோம்?’ கெட்டுப்போனோமா இல்லையா என்பதை வீட்டுப் பெண்களிடம் கேட்க வேண்டும். டி.வி. சுவரோரமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை படம் முடிந்தால் முடிந்தது. தெருவில் ஒரு வீட்டு டி.வி.க்கு இருபது பேர் உட்கார்ந்து, வில்லனை ஆளாளுக்குத் திட்டினோம். 2006-க்கு அப்புறம் அரசாங்கமே கலர் டி.வி. கொடுத்தது. அப்போதும் அது கூடத்தில் இருந்தது, குழந்தையோடு கட்டிலுக்கும் காருக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் வரவில்லை. இது வருகிறது. முடிவதும் இல்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது தானாக ஆரம்பிக்கிறது. நாற்பது வயசுக்காரன் எனக்கே நிறுத்த முடியவில்லை. ரெண்டு வயசுப் பிள்ளை நிறுத்துமா?

நாலாவது பதில் வரும்போது என் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். ‘ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். பாத்துக்க யாரு இருக்கா?’

நியாயமான கேள்வி. தருமபுரி மாவட்டமே வெளியூருக்குப் போய்ப் பிழைக்கிற மாவட்டம். ஒரு கால் இங்கே, ஒரு கால் ஓசூரில், பெங்களூரில், திருப்பூரில். பையன் பெங்களூரில் ஐ.டி. கம்பெனி, மருமகளும் வேலை. ரெண்டு ரூம் வீட்டுக்கே சம்பளத்தில் பாதி போகிறது. ஆயாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம் என்றால் (நம் பக்கம் பாட்டியை ஆயா என்போம், பெங்களூர்க்காரர்கள் வேலைக்காரம்மா என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்), ஊரில் ரெண்டு மாடு, தக்காளித் தோட்டம், தாத்தாவுக்குச் சர்க்கரை. வர முடியாது. போதாக்குறைக்கு 2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். தமிழ்நாட்டில் ஒண்ணாங் கிளாஸ் முதல் எட்டாம் கிளாஸ் வரைக்கும் திறந்தது 2021 நவம்பரில். அந்த ஒன்றரை வருஷம் வகுப்பறையே போனுக்குள்தான் இருந்தது. போன் கொடுக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்த வாத்தியார்களே போன் இல்லாத பிள்ளையை ஏன் இல்லை என்று கேட்கும்படி ஆனது. அப்போது வீட்டுக்குள் வந்த பழக்கம் பள்ளிக்கூடம் திறந்ததும் வெளியே போகவில்லை.

இவர்களைத் திட்ட வாய் வரவில்லை. ஆனால் ஒன்று கேட்பேன். 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று அதில் இருக்கிறது. உங்கள் கம்பெனியில் இருக்கிறதா? இல்லையென்றால் ஏன் என்று எத்தனை பேர் கேட்டீர்கள்? சம்பள உயர்வுக்கு மெயில் அனுப்புகிறோம். இதற்கு அனுப்பியிருக்கிறோமா? அதே சட்டத்தில் அம்மாவுக்கு 26 வாரம் லீவு. அப்பாவுக்கு? ஒரு நாள்கூடக் கிடையாது. பிள்ளை வளர்ப்பில் அப்பாவுக்கு வேலையே இல்லை என்று சட்டமே நினைக்கிறது. நாமும் அதை மறுக்கவில்லை.

இங்கேதான் எனக்கு உண்மையான கோபம். குழந்தை போனும் கையுமாக இருந்தால் ஊரே அம்மாவைத் திட்டுகிறது. மாமியார் திட்டுகிறார், டாக்டர் திட்டுகிறார், கணவன் ஆபீசிலிருந்து வந்து தன் போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டே ‘இவ்வளவு நேரம் ஏன் குடுத்தே?’ என்கிறான். இந்த ஊர் ஆண்கள் இதைச் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். பெண் சிசுக்கொலைக்காகத் தருமபுரியின் பெயர் நாடு முழுக்க அடிபட்டது ரொம்ப காலத்துக்கு முன்னால் இல்லை. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 2001-ல் தருமபுரிக்கும் வந்தது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதே, இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்று அரசாங்கம் கெஞ்ச வேண்டியிருந்தது. அந்த வருஷங்களில் இங்கே பிறந்து, தப்பித்து, படித்து, வேலைக்கும் போகிற பெண்கள்தான் இன்றைய இளம் அம்மாக்கள். எப்படிக் குழந்தை வளர்ப்பது என்று அவர்களுக்கு நாம் வகுப்பு எடுக்கிறோம். சோபாவில் படுத்துக்கொண்டு, ரீல்ஸ் பார்த்துக்கொண்டு!

1970-களில் எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். அம்மா கைக்குழந்தையோடு சிரித்து விளையாடுவார். பிறகு ரெண்டொரு நிமிடம் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் சும்மா குழந்தை முன்னால் இருக்க வேண்டும். அடிப்பதில்லை, திட்டுவதில்லை, எழுந்து போவதுமில்லை. அவ்வளவுதான். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். கையை நீட்டும். சத்தம் போடும். ஒன்றுக்கும் பதில் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கலங்கி அழும். இது ஆய்வுக்கூடத்தில் ரெண்டு நிமிடம். போன் பார்க்கிற அப்பாவின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒருநாள் தற்செயலாகப் பார்த்தேன், அணைந்த டி.வி. திரையில். வேண்டாம், சொல்ல விரும்பவில்லை.

கணக்கு வேண்டுமென்றால் கணக்கும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 220 குடும்பங்களில், குழந்தை ஒரு வயசாக இருக்கும்போது ஆரம்பித்து மூணு வயசு வரை, வீட்டில் கேட்கிற பேச்சையும் திரைச் சத்தத்தையும் சின்னக் கருவியில் பதிவு செய்து எண்ணினார்கள். 2024 மார்ச்சில் முடிவு வெளிவந்தது. மூணு வயசில், திரை ஓடுகிற ஒவ்வொரு கூடுதல் நிமிடத்துக்கும் பெரியவர்கள் பேசுகிற வார்த்தைகளில் 6.6 குறைகிறது. குழந்தை எழுப்புகிற ஒலிகளில் 4.9 குறைகிறது. மாறி மாறிப் பேசிக்கொள்வது 1.1 தடவை குறைகிறது. இது ரெண்டும் சேர்ந்து வருகிறது என்று காட்டுகிற ஆய்வு. இதனால்தான் அது என்று அடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் பி.காம். புத்தி சும்மா இருக்குமா? அறுபதால் பெருக்கினேன். ஒரு மணி நேரத்துக்கு 396 வார்த்தை, 66 தடவை பேசிக்கொள்வது காணோம். இதை எந்த ஆடிட்டரும் ரைட் ஆஃப் பண்ண ஒத்துக்கொள்ள மாட்டார்.

அளவு என்ன என்று கேட்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது, ஒரு வயசுக் குழந்தை வரைக்கும் திரையே வேண்டாம், ரெண்டு முதல் நாலு வயசு வரை ஒரு மணி நேரத்துக்குள், அதுவும் குறையக் குறைய நல்லது. நம் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ரெண்டு வயசுக்குள் வேண்டாம் என்கிறது. ஆனால் ஒரே ஒரு விதிவிலக்கு தருகிறது: உறவினரோடு எப்போதாவது வீடியோ கால்.

அந்த விதிவிலக்கில் முழு விஷயமும் இருக்கிறது. பென்னாகரம் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் ஆயா, தினமும் சாயங்காலம் பேரனுக்கு வீடியோ கால் போடுவார். பேரன் இருப்பது பெங்களூரில். போனைப் பாதி நேரம் தலைகீழாகத்தான் பிடிப்பார். ஓட்டுக் கூரையும் முருங்கை மரமும்தான் தெரியும். ‘ங்கொய்... கோழி பாரு, கோழி பாரு’ என்று கோழி பின்னாலேயே போனோடு ஓடுவார். பேரன் அங்கிருந்து ‘கொக்கோ!’ என்பான். ஆயா, ‘ஆமா சாமி, கொக்கோ முட்ட வெச்சிருக்குது’ என்பார். அவன் ‘முட்ட’ என்பான். இதுவும் அதே போன்தான், அதே கண்ணாடித் திரைதான். ஆனால் அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது. அவன் சொன்னதைக் கேட்டு, அதற்குத்தான் பதில் வருகிறது. பெங்களூர் வீட்டில் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிற அப்பாவைவிட, நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, போனைத் தலைகீழாகப் பிடித்திருக்கிற ஆயா பக்கத்தில் இருக்கிறார்.

எனவே போனைக் கிணற்றில் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. போட்டால் நானும்தான் போட வேண்டும். நான் கேட்பது ஒரு வேளைச் சாப்பாடு. மூணு வேளை முடியாவிட்டால் ஒரு வேளை. அந்த நேரம் குழந்தையின் போன் மட்டுமல்ல, அப்பாவின் போனும் பீரோவுக்குள். குழந்தை சிந்தும். தட்டில் கையை விட்டு அளையும், சட்டையில் பூசும், உங்கள் மீதும் பூசும். பிள்ளையின் சின்னக் கை அளைந்த கூழ் அமிழ்தத்தைவிட இனிது என்று வள்ளுவர் எழுதி வைத்திருக்கிறார். என்ன கூழ் என்று அவர் சொல்லவில்லை. தருமபுரிக்காரர்கள் நாங்கள் கேழ்வரகு என்று எடுத்துக்கொள்வோம். டம்ளரில் போனைச் சாய்த்து வைத்தால் கை அளையாது, உண்மைதான். டேபிள் சுத்தமாக இருக்கும். அன்றைக்கு அந்த ஹோட்டல் டேபிள் சுத்தமாகத்தான் இருந்தது. துடைக்க வந்த பையனுக்கு வேலையே இல்லை.

ரெண்டு கவளம் குறைவாகச் சாப்பிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறீர்கள். பசித்தால் கேட்கும். கேட்கிற பாஷை மட்டும் உங்களுக்குப் புரிய வேண்டும்.

நான் பில் கட்ட நின்றபோது அவர்களும் கிளம்பினார்கள். அப்பா ஒரு கையில் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்துகொண்டிருந்தார். போன் கைவிட்டுப் போனதில் பையனுக்குக் கொஞ்சம் சிணுங்கல். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு சேலம் பஸ் பெரிதாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பையன் அப்பா தோளுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துக் கையை நீட்டினான்.

‘ஆ... ப்பா... தா!’

‘ஆமா கண்ணு, பஸ்ஸு. சேலம் போவுது’ என்றேன்.

‘தா!’

‘ரொம்பப் பெரிய பஸ்ஸு.’

‘தா! தா!’

யாரோடு பேசுகிறான் என்று அந்த அப்பா திரும்பிப் பார்த்தார்.